நாலு மணி நம்பர்

வீட்டுத் தொலைபேசியை எடுத்துவிட்டு இணையத் தொலைபேசி வைக்கலாம் என்று முடிவானதும் மூன்று கம்பெனிக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மூன்றும் முழு மக்குகள். முதல் ஆள், "அன்லிமிடெட் சார், எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்" என்றான். நான் யாரிடம் பேச? இரண்டாமவன் ஒரு பெட்டியைக் காட்டி, அதில் நாலு விளக்கு எரியும் என்றான். எதற்கு எரியும் என்று கேட்டால் தலையைச் சொறிந்தான். மூன்றாமவனுக்கு என் கேள்விகளைக் கேட்டே வியர்த்துவிட்டது.

குடிநீர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். கோடு போட்ட தாளில் கட்டம் கட்டினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே மூன்று கம்பெனிகளின் புகார் எண்ணுக்கும் போன் செய்தேன். ஒருவன் பதினோரு நிமிஷம் பாட்டுப் போட்டான். இன்னொருவன் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று என்னையே வேலை வாங்கினான். வியர்த்தவன் கம்பெனியில் நாற்பது வினாடியில் எடுத்தார்கள். அதற்கே டிக் அடித்தேன்.

"ஒண்ணே ஒண்ணுங்க. நம்பர் மட்டும் மாறக்கூடாது" என்றாள் மனைவி. "அக்காவுக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

அக்கா என்பது இவளுக்கு மூத்தவள். முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். பெற்ற மகன் பெயரே மறந்துவிட்டது, எங்கள் வீட்டு எண்ணை மட்டும் விரல் மறக்கவில்லை. தினமும் நாலு மணிக்குக் கூப்பிட்டு, "அடுப்பை அணைச்சியா?" என்பாள். "அணைச்சிட்டேன்க்கா" என்று இவள் சொன்னால்தான் அங்கே ராத்திரிச் சோறு இறங்கும். நாமாகக் கூப்பிட்டால் "யாரு நீ?" என்பாள். அவளே அழுத்தி, அவளே கேட்க வேண்டும். இவள் வெளியே போன நாட்களில் நான் எடுப்பேன். "அடுப்பை" என்று வாயெடுப்பதற்குள் வைத்துவிடுவேன். ஒரே கேள்விக்குத் தினமும் பதில் சொல்வதா? எனக்கு வேறு வேலை இல்லையா? இல்லைதான், அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தார். "மாமா, பழைய லைனை நீங்களா போய் மூடிடாதீங்க. மூடினா நம்பர் போயிடும். புதுக் கம்பெனியே நம்பரை மாத்திக்கும், பழசு தானா நின்னுடும்."

தானாக நிற்குமாம்! பழைய குழாயைத் துண்டித்த சான்று இல்லாமல் எவனுக்காவது புதுக் குழாய் கொடுத்திருக்கிறேனா நான்? மந்திரியின் மச்சானையே வாசலோடு திருப்பி அனுப்பியவன். நேற்று முளைத்த காளான் எனக்கு நடைமுறை சொல்லித் தருகிறது.

திங்கட்கிழமை காலையிலேயே தொலைபேசி அலுவலகத்துக்குப் போனேன். 'நிரந்தரமாகத் துண்டிக்கவும்' என்று என் கையாலேயே எழுதி, முத்திரை குத்திய சான்றும் வாங்கினேன். அதைப் புதுக் கம்பெனிக்காரன் முன்னால் வைத்தபோது அந்த மக்கு இரண்டு தடவை படித்தான்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? நம்பர் செத்துப்போச்சே. இனிமே வேற நம்பர்தான்."

இவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். "எல்லாம் தெரிஞ்சவராச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாலு மணிக்குள் போய்ச் சேர பஸ் பிடித்தாள். அங்கே அக்கா எண்ணை அழுத்தி, 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்பதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற இவளிடமே, "என் தங்கச்சி செத்துட்டாளாம்மா?" என்று கேட்டாளாம். அன்று ராத்திரி அக்கா ஒரு பருக்கை சாப்பிடவில்லை.

அந்த எண்ணைத் திரும்பக் கேட்டு ஏழு மனு போட்டேன். கடைசி மனுவை ஒரு குமாஸ்தா மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. விதின்னு ஒண்ணு இருக்குல்ல சார்?" என்றான். முப்பத்திரண்டு வருஷம் நான் சொன்ன அதே வசனம். அதே முகத்தோடு சொன்னான்.

அக்காவுக்குச் சோறு ஊட்டத் தினமும் பஸ் ஏறி இவளுக்கு முழங்கால் வீங்கி, இரண்டு வாரம் போக முடியவில்லை. அழுதுகொண்டேதான் படுத்திருந்தாள். அப்போது இல்லத்து நர்ஸ் புது எண்ணுக்குக் கூப்பிட்டாள். "பெரியம்மா இப்ப நல்லாச் சாப்பிடறாங்க. தங்கச்சிகிட்டதான் தினமும் பேசறாங்களே!"

இவள் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலாக ஐந்து நிமிஷம். பழைய எண்ணை அழுத்தினேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்.

"சலவைக் கடைங்க."

"நாலு மணிக்கு ஒரு வயசான அம்மா..."

"ஆமாங்க! மூணு நாள் ராங் நம்பர்னு சொல்லிப் பார்த்தேன். நாலாவது நாள் ஓன்னு அழுதுட்டாங்க. மனசு கேக்கலை. அணைச்சிட்டேன்க்கான்னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து தினம் சொல்றேன். நீங்க யாரு?"

"அவங்க தங்கச்சி வீட்டுக்காரர்."

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஓ, அவரா?" என்றாள். "போனை உன் வீட்டுக்காரர் கையில குடுத்துடாதேடி, நான் பேசறதுக்குள்ள வச்சிடுவாருன்னு தினமும் சொல்வாங்க."

நான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். நாலாக இரண்டு நிமிஷம்.

"கோவிச்சுக்காதீங்க சார், நாலாகப் போகுது. லைன் பிஸியா இருந்தா அக்கா பதறிடுவாங்க. வச்சிடுறீங்களா?"

வைத்தேன்.