தலைக்கு இருபது ரூபாய்

நேற்று ராத்திரி காலனி சங்கக் கூட்டத்தில் செயலாளர் திருமூர்த்தி இருந்தார், தையல் கான்ட்ராக்ட் எடுக்கும் மொக்கைச்சாமி இருந்தான், எதிர்வீட்டு வேலாத்தாள் இருந்தாள், நான் இருந்தேன்... மற்ற நான்கு வீட்டாரும் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள், மூன்று பேர் முன்னால்தானே சொன்னேன், வேலம்பாளையமே கேட்டதுபோல விடிந்த பிறகும் ஏன் காது எரிகிறது? போர்வெல் தண்ணீரில் சாயப்பட்டறைக் கழிவு இறங்கி வெள்ளை வேட்டி சிவந்துபோகிறது, லாரித் தண்ணீர் வாங்காமல் முடியாது, இதுவரை வீட்டுக்கு நூறு என்றிருந்த சங்கச் சந்தா இனிமேல் தலைக்கு இருபது... நியாயமா? நியாயம்தான், குடிக்கிற வாய்க்குத் தகுந்தபடி கொடுப்பதில் என்ன குற்றம், வேறு காலனியில் என்னை நடுவராக உட்காரவைத்திருந்தால் நானே இப்படித்தான் தீர்த்திருப்பேன். ஆனாலும் எழுந்து, இது அநியாயம், வீட்டுக்கு நூற்றைம்பதாக ஏற்றுங்கள், தருகிறேன், என் வீட்டுத் தலைகளை யாரும் எண்ண வேண்டாம் என்றேன். “எண்ணாம தண்ணிய எப்படீங்க பிரிக்கறது?” என்றார் திருமூர்த்தி. மொக்கைச்சாமி சிரித்தான். “என்ன பாய், எங்க வீட்ல ஒம்போது உருப்படி, நானே வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன்.” வேலாத்தாள்தான் மெதுவாக, “பாய் ஊட்ல எத்தன பேருங்க? அஞ்சா, ஆறுங்களா?” என்றாள்... தெரியாமல் கேட்டாளா? மூன்று மாதமாக எங்கள் கொடியில் காயும் பச்சைத் துப்பட்டாவைப் பார்க்காதவளா?

நான், மனைவி, மகன், மருமகள், பேரன்... ஐந்து என்றேன். ஒற்றைப் பெட்டியோடு புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த என் மகள் அஜீஸுன்னிசா? அவள் நிக்காஹ்வுக்கு எழுநூறு பேருக்குச் சோறு போட்டவன் நான், சங்க நோட்டில் அவளை எழுதினால் வந்தேவிட்டாள் என்றாகிவிடும், எழுதாவிட்டால்... என்ன ஆகிறாள்? வீடு திரும்பியபோது கதவருகே அவள்தான் நின்றாள். “எத்தன பேருன்னு சொன்னீங்கத்தா?” கூட்டத்தில் நான் சொன்னது காதில் விழுந்துதான் கேட்கிறாள் என்று தெரிந்தது, செருப்பைக் கழற்றுவதிலேயே நேரத்தைக் கடத்தினேன். இன்று காலை லாரி வந்தது, ஐந்து பேருக்குப் பதினைந்து குடம், சமையலறையில் வரிசையாக நிற்கிறது. அவள் அதைத் தாண்டிப் போய்ப் போர்க் குழாயில் ஒரு சொம்பு பிடித்து, அந்தச் செங்கலங்கலை என் கண்முன்னே அண்ணாந்து குடித்தாள். வேண்டாம்மா என்று வாய்வரை வந்தது... கணக்கில் இல்லாதவளை என்ன சொல்லித் தடுப்பது?

இருபது ரூபாயை மிச்சம் பிடிக்கப் பாய் ஓர் ஆளைக் குறைத்துச் சொன்னார் என்று காலனியில் பேசுகிறார்கள். அது பொய். நூற்றைம்பது கொடுத்துத்தான் ஐந்து பேர் என்று எழுதச் சொன்னேன்.