மூணு உள்ள மகராசன்

வெள்ளியங்கிரி பிறந்தபோது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மருத்துவச்சி அவனுக்கு விரை மூன்று என்று ஊரையே கூட்டிவிட்டாள். அன்றிலிருந்து மல்லசமுத்திரம் பக்கம் அவனுக்கு ‘மூணு உள்ள மகராசன்’ என்று பேர். வீடு கொள்ளாமல் பிள்ளை பெறுவான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது?

கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் மனைவி பாப்பாயி வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. மூன்று உள்ளவனை யார் குறை சொல்வார்கள்? பழியெல்லாம் அவள் தலையில் விழுந்தது. சீர் நடக்கிற இடத்தில் அவளை முன்னால் நிற்க விடமாட்டார்கள்.

மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம், அடிவயிற்று வலிக்கு மருந்து வாங்க அவன் சேலத்துக்குப் போனான். டாக்டர் ஊரும் பேரும் கேட்டார். பிள்ளை இல்லை என்றதும் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். “மூணு இருந்தும் பிரயோஜனமில்லப்பா. பிறவிக் கோளாறு. உனக்குக் குழந்தை உண்டாகாது. உன் சம்சாரம் மேல ஒரு குத்தமும் இல்லை” என்றார்.

திரட்சியாக இருந்து, உடைத்தால் உள்ளே பருப்பே இல்லாத கடலைக்காய்தான் அவனுக்கு நினைவு வந்தது. ஊருக்குத் திரும்பியும் இதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மானம் பிடித்து நிறுத்தியது.

அதற்குள் அவன் அம்மா ஆத்தாயி, பாப்பாயியின் தங்கை சாரதாமணியையே இரண்டாந்தாரமாகப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றச் சொந்தபந்தத்தைக் கூட்டிவிட்டாள். பதினாறு வயசுப் பெண். நாளைக்கு அவளையும் மலடி என்பார்களே என்று நினைத்தான்.

தட்டை நீட்டிய மாமனார் காளியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேண்டாமுங்க மாமா. குறை எங்கிட்டத்தானுங்க. சேலத்து டாக்டரு பாத்துச் சொல்லிப்போட்டாருங்க.”

பங்காளிக் கிழவர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மூணு இருக்கறவனுக்குக் குறையாமா! கட்டுனவ மேல எத்தன பாசம் பாருங்க, பழியத் தான் ஏத்துக்கறான்!”

காளியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்படியாப்பட்ட மாப்பளைக்கு ரெண்டாவது புள்ளையையும் கண்ண மூடிட்டுக் குடுக்கலாமுங்க.”

அவன் சாமி மேல் சத்தியம் செய்தான். செய்யச் செய்ய அவன் பெருமைதான் ஏறியது. தட்டு கைமாறிவிட்டது. அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவன் ஒண்டியாக நின்றான். இவர்கள் போகட்டும், பாப்பாயியாவது நம்புவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

சாயங்காலம் அவள் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

“ஏனுங்க, எனக்காக அத்தன பேரு முன்னால பொய் சொன்னீங்களே. எனக்கு இது போதுமுங்க.”

“பொய் இல்ல பாப்பாயி. நெசமாத்தான்...”

அவள் அவன் வாயைப் பொத்தினாள். “அப்படிச் சொல்லாதீங்க. தங்கச்சிக்குப் பொறக்கற மொதக் கொழந்தைய எனக்கு வளக்கக் குடுத்துருவீங்களா?”

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. “ம்” என்றான்.