பூப்பந்துத் தரையில் இருபத்தேழு வீடுகள்

மூன்று நாள் மாலையும் முழங்காலில் ஊர்ந்து சரளா அந்த வரைபடத்தை ஒட்டி முடித்திருந்தாள். செமோரில் ஒரு மண்டபத்தின் பூப்பந்துத் தரையில், வெள்ளை டேப்பால், செண்டானா ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்கள் மூன்றும் கிடந்தன. மொத்தம் இருபத்தேழு வீடு. ஒவ்வொன்றிலும் நான்கு பேர் நெருக்கி நிற்கலாம்.

தோட்டத்தை இடித்துத் தாமான் குடியிருப்பு கட்டி முப்பது வருடமாயிற்று. சரளாவின் குடும்பம் அங்கிருந்து கிளம்பியபோது அவளுக்கு மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை. ஈப்போவில் அவள் வேலை பார்க்கும் நில அளவை அலுவலகத்தில் பழைய பிளான் ஒன்று அகப்பட்டதும், தோட்டத்து ஆட்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

முதலில் வந்தவர் சன்னாசி, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். செருப்பைக் கழற்றிவிட்டு நடு லயத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சாலாலா, தப்பு சரளா. தண்ணிப் பைப்பு இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்."

"பிளான்ல இப்படித்தான் இருக்கு, மாமா."

"பிளான் வரைஞ்சவரு அங்க தண்ணி புடிச்சாரா?"

அவள் பிளானை விரித்துக் காட்டுவதற்குள் ஆயர் தாவாரிலிருந்து புஷ்பலதா தன் அக்கா தங்கைகளோடு வந்து இறங்கினாள். வந்தவள் நேரே கடைசி வீட்டுக்குப் போனாள். குனிந்து, டேப்பைப் பர்ரென்று உரித்தாள்.

"எங்கப்பா இங்க ஒரு ரூம்பு இழுத்துக் கட்டுனாருலா! ஆறு பொம்பளப் புள்ளைங்க வேற எங்க படுக்கிறது?"

மூன்று நாள் உழைப்பு! வேண்டாமக்கா என்று சரளா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாலைந்து பேர் கூடி, அந்த அறைக்கு ஜன்னல் இருந்ததா இல்லையா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதில் எதுவும் பிளானில் கிடையாது. சரளா பையைத் திறந்து, மீதி டேப் சுருள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

அப்புறம் அவள் கை வைக்கவே தேவைப்படவில்லை. பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டாய் வந்தது, ஆட்டுப்பட்டி வந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமானால் எல்லாரும் புகுந்து ஓடும் குறுக்குவழியும் வந்தது. அது லயத்திலேயே மூத்தவளான நல்லம்மாளின் அடுப்படிக்குப் பின்னால் போயிற்று. சன்னாசி அதில் ஓடிக்காட்ட, தன் வீட்டுக் கட்டத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நல்லம்மாள் சத்தம் போட்டாள்:

"டேய், எத்தன தடவ சொல்றது, சட்டி பானை இருக்குடா!"

மண்டபமே சிரித்தது. சரளா மடிக்கணினியைத் தரையில் வைத்துக்கொண்டு, அளந்து அளந்து புதிய வரைபடத்தில் ஏற்றினாள்.

"எல்லாத்தையும் எழுதுற, உன் வீட்டுக்குப் போனியா?" என்று நல்லம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பத்தொன்பதாம் வீட்டில் நிறுத்தினாள். "இங்கதான் நீ பொறந்த. ஆஸ்பத்திரி வேனு வரல. நான்தான் உன்னைக் கையில வாங்குனேன். அன்னிக்கு இந்த லயத்துல பாதிப் பேரு பால் வெட்டப் போகல, தெரியுமா?"

சரளாவுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் தட்டச்சு செய்தாள்.

அன்று மாலையே வரைபடம் குழுவுக்குப் போனது. மண்டபத்தை விட்டு ஒருவரும் கிளம்பியபாடில்லை. ஐந்து மணி ஆட்டத்துக்கு வந்த பூப்பந்துக்காரர்கள் வாசலில் தயங்கி நின்று, பைகளை ஓர் ஓரமாக இறக்கினார்கள்.

"ஐயோ, அங்க வேணாம்லா!" என்று புஷ்பலதா கத்தினாள். "அது மாட்டுக் கொட்டாய்!"