ஆடாமல் உட்கார்ந்திருந்தவள்

கல்லுடைக்கிற கம்பெனி மூடப்போகிறது. போகிற போக்கில் வரிசை வீடுகளை அவற்றில் குடியிருப்பவர்களுக்கே எழுதிக்கொடுப்பதாகச் சொன்னது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பெண்டாட்டி இருக்கிறவனுக்குத்தான் வீடு, ஒண்டிக்கட்டைக்குக் கொட்டகை என்பது அந்தக் காலத்து விதி. எவனும் ஏமாற்றக்கூடாதென்று ஒவ்வொரு குடும்பத்தையும் வாசலில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். இப்போது புருஷன் போய்ச் சேர்ந்திருந்தாலும், படத்திலிருக்கும் பெண்டாட்டி உயிரோடு இருந்தால் வீடு அவளுக்கு. படத்தை வாங்கிக்கொண்டு போங்கள், வியாழக்கிழமை அதிகாரி வருவார், ஆளைக் காட்டுங்கள் என்றார்கள்.

வரிசை வீடு ஒன்றில் வயதான அம்மாவோடு குடியிருந்து, அரவை யந்திரத்தில் ஜல்லி சலிக்கும் ஒருத்தியும் போய் வாங்கினாள். வாசல் அவர்கள் வாசல்தான். நிற்பது செத்துப்போன அப்பாதான். பின்புறம் வீட்டு எண்ணும் அம்மாவின் பெயரும் சரியாக இருந்தன. ஆனால் நாற்காலியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள் அம்மா இல்லை. ஜாடை இருந்தது. ஆள் வேறு.

டீ குடிக்கும் நேரத்தில் கூட வேலை செய்யும் மூக்கியிடம் காட்டினாள். எதிலும் மூக்கை நுழைப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

“இருக்கிற வீடே ஒழுகுது, இதுல உங்கப்பனுக்குச் சின்ன வீடு வேறயாடி?”

“செத்தவரை விடுக்கா. இவ எங்கேன்னு கேட்டா நான் யாரைக் காட்டுவேன்? கிழவியை இழுத்துக்கிட்டு இந்த வயசுல எந்தத் தெருவுக்குப் போவேன்?”

மூக்கி படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். “அப்பெல்லாம் பெட்டிக் கேமரா. மழை இருட்டு வேற. மூச்சு விட்டாலே கலங்கிடும். உங்கப்பன் மூஞ்சி கரைஞ்சிருக்கு பாரு. குழந்தைக்கு ரெண்டு தலை தெரியுது.”

“இவளுக்கு?”

மூக்கி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் துல்லியமாக இருந்தது. நெற்றியில் ஒட்டிய ஒற்றை மயிர்கூட எண்ணிவிடலாம்.

“இவ ஆடவே இல்லடி,” என்றாள் கடைசியில். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மீதி டீயை அவள் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் ஈரத்துணியால் படத்தின் தூசியைத் துடைத்தாள். துணியில் கறுப்பு மை ஒட்டியது. பயந்துபோய் உற்றுப் பார்த்தாள். பெண்ணின் ஒரு கண் பாதி அழிந்திருந்தது. அழிந்த இடத்தில் மூடிய இமை இருந்தது.

படத்துப் பெண்ணின் கழுத்தோரம் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கியது. அதன் விளிம்பிலிருந்து விரல்கள் நீண்டு, அந்தத் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தன. அவற்றில் ஒரு விரல் நகமில்லாமல் நசுங்கி, பக்கவாட்டில் கோணியிருந்தது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் கல் தொட்டியில் மாட்டிக்கொண்ட விரல் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்த விரல் பிசைந்த சோற்றைத்தான் அவள் தின்று வளர்ந்தாள்.

அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். படத்தை மடியில் வைத்ததும் அதைத் தொடாமலே பார்த்தாள்.

“மையை ஏன்டி அழிச்ச?”

“யாரும்மா இது?”

“உன்னைப் பெத்தவ. என் கூடப் பொறந்த அக்கா.”

சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு அம்மா சொன்னாள். “ஒத்தாசைக்கு ஊர்லேருந்து நான் வந்திருந்தேன். பிரசவத்துக்கு அப்புறம் அவளுக்குக் காய்ச்சல். படம் எடுக்கிற அன்னிக்கு விடியக்காலைல போயிட்டா. சொன்னா வீடு போயிடும். அடைமழைல உன்னைத் தூக்கிக்கிட்டு உங்கப்பன் எங்க போவான்? நாற்காலில உக்கார வச்சோம். கழுத்து நிக்கல. நான் துணிக்குள்ள நின்னு பிடிச்சுக்கிட்டேன். படம் எடுக்க வந்தவன் பாத்தான், ஒண்ணும் கேக்கல. இமை மேல கண்ணு வரைஞ்சு குடுத்துட்டுப் போனான்.”

“குழந்தை?”

“உன்னை மடில சேத்துக் கட்டியிருந்தோம். நீ பாலுக்கு முட்டிக்கிட்டே இருந்த. அதான் கலங்கியிருக்க.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“மறுநாள்லேருந்து அவ பேருக்கு நான் வேலைக்குப் போனேன்,” என்றாள் அம்மா. “ஊர்ல தங்கச்சி செத்துட்டான்னு சொல்லிட்டோம். எனக்கே நான் அழுதேன்.”

“வியாழக்கிழமை மட்டும் வாயைத் திறந்து ஆமான்னு சொல்லிடும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“மாட்டேன். ஆயுசு பூரா அவளுக்காகப் பேசியாச்சு. அவ வீடுதானே, வேணும்னா அவளே கேட்டு வாங்கிக்கட்டும்.”

கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்து பார்த்தாள். கிழவி அசையவில்லை.

வியாழக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் அம்மாவை உட்காரவைத்து, பக்கத்தில் அவள் நின்றாள். அழிந்த கண்ணுக்கு அவளே பேனாவால் மை வைத்திருந்தாள். அதிகாரி படத்தைப் பார்த்தார், கிழவியைப் பார்த்தார்.

“வயசானா மூஞ்சி மாறத்தான் செய்யும். ஆனா நான் கூப்பிட்டா ஆள் பதில் சொல்லணும், அதான் விதி,” என்றவர், படத்தின் பின்புறத்தைத் திருப்பி அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டார்.

அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று மகள் கண்ணை மூடினாள்.

“இருக்கேன்.”

காய்ச்சல்காரியின் குரல்போல ஈனமாக, ஆனால் தெளிவாகக் கேட்டது. அதிகாரி தலையாட்டினார், படத்தைப் பைக்குள் போட்டார், வீடு உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

மகள் அம்மாவின் தோளைப் பிடித்தாள். “கடைசில சொல்லிட்டியேம்மா.”

“நானா? நீதானே சொன்ன?”

“நான் கண்ணை மூடிக்கிட்டு நின்னேன்.”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

பொழுது சாய்ந்தது. எதிர் வீட்டில் விளக்கு போட்டார்கள். வீடு கிடைத்த சந்தோஷத்தில் தெருவில் யாரோ பாடிக்கொண்டு போனார்கள். அம்மாவும் மகளும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நீ போய் விளக்கைப் போடு என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லவும் இல்லை.