வேலையைப் பறித்தவள்

முப்பது வருடமாக வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் கணவர் அவளை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துவார்: "என் வேலையைப் பறிச்ச மகராசி இவதான்." வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பாள்.

பொய்யும் இல்லை. ஒரே கணக்கு வாத்தியார் வேலைக்கு ஒரே நாளில் தேர்வுக்கு வந்தவர்கள் இருவரும். அந்தக் காலத்தில் கேள்வி கீள்வி எல்லாம் கிடையாது. ஏழாம் வகுப்புக்குள் தள்ளிவிட்டு, பின் பெஞ்சில் தலைமையாசிரியர் உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். வேலை அவளுக்குக் கிடைத்தது. அவர் வாசலில் காத்திருந்து வாழ்த்துச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடமே கல்யாணம். அந்த டீக்கடையின் ஆட்டம் காணும் மேசையை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் மனசு இளகிப்போகும். அவரோ ஒரு பெயின்ட் கடையில் கணக்கு எழுதப் போய், அங்கேயே தலை நரைத்துவிட்டார்.

இப்போது அவள் துணைத் தலைமையாசிரியை. பள்ளியில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். வேலைக்கு வருகிறவர் கம்ப்யூட்டரில் பதில் சொன்னால் போதும், வகுப்பில் எப்படி நடத்துவார் என்று அது முன்கூட்டியே மதிப்பெண் போட்டுவிடுமாம். ஜோசியம் கெட்டது, போங்கள்! சரிபார்க்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. தானே எழுதிப் பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பை வீட்டுக்கே எடுத்துவந்தாள்.

"நானும் எழுதறேன்," என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குறைவாக வந்தால் மனுஷன் ஒடிந்துபோவாரே என்று உள்ளுக்குள் பயம்.

"பாடம் புரியலைன்னு ஒரு பையன் அழுதா என்ன செய்வீங்கன்னு கேக்குது. நீ என்ன போட்டே?"

"இந்த வயசுல காப்பி அடிக்காதீங்க."

நூற்றுக்கு அவளுக்கு ஐம்பத்து நான்கு வந்தது. அவருக்கு எண்பத்தொன்பது.

வீடே அதிரச் சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார்.

"அப்போ அன்னைக்கு நான் மோசமா நடத்தலை, இல்ல?"

இத்தனை கேலிக்கும் அடியில் இந்தக் கேள்விதான் கிடந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ரொம்ப நல்லா நடத்தினீங்க. நான் வராந்தாவுல நின்னு கேட்டுட்டிருந்தேன். மணி அடிச்சும் பசங்க எழுந்திருக்கலை. வேலை உங்களுக்குத்தான்னு நினைச்சு நான் பையைத் தூக்கிட்டுக் கிளம்பப் போனேன், அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

"முப்பது வருஷமா இதை ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களே," என்றாள் அவள். "வலிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"