நெட்டேரியின் பரப்பளவு

1991 பிப்ரவரி 21, வியாழன். நேற்றைய பதிவில் ஒரு பிழை. நெட்டேரி கிராமத்தின் பரப்பைக் காலையில் அளந்தபடியே எழுதிவிட்டேன். மாலைக்குள் ஊர் இரண்டு சென்ட் வளர்ந்திருந்தது. மக்கள்தொகைக் கணக்கை முடித்த பிறகுதான் அளந்திருக்க வேண்டும்.

நெட்டேரி முடிச்சூருக்கு மேற்கே, ஏரியை ஒட்டி இருக்கிறது. கணக்கெடுக்க வருபவரிடம் ஒரு வீட்டார் புதிதாக ஒரு பெயரைச் சொன்னால் கரைப்பக்கம் ஒரு சென்ட் நிலம் கூடும். ஆள் இறந்தால் அடுத்த மழையில் அந்தச் சென்ட் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் இந்த ஊருக்கு மட்டும் கணக்கெடுப்பவனே நிலம் அளக்கும் சங்கிலியும் பிடிக்க வேண்டும். முன்பு ஒரு சர்வேயர் இதை நம்பாமல் திரும்பத் திரும்ப அளந்து பார்த்துவிட்டு, கடைசியில் கரையைக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். நிலம் கூடியதால் ஏரி சிறுத்ததில்லை, முடிச்சூரும் ஓரடி இழந்ததில்லை. தாம்பரத்திலிருந்து வரும் பஸ்ஸுக்கு மட்டும் ஊர்க்கோடி வரை கொஞ்சம் கூடுதலாக டீசல் பிடிக்கிறது. பரப்பு மாறாது, மக்கள்தொகைதான் மாறும் என்று மாலைக் கல்லூரி வகுப்பில் படித்திருக்கிறேன். பாடத்தை நான்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை போலும்.

இப்படி வளரும் ஊரிலும் இடம் போதவில்லை. பெற்றவள் தன் பிள்ளைகளை முழுதாக எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று கடைசிப் பிள்ளையை எல்லோரும் விட்டுவிட்டே சொல்வார்கள். விடுபட்டவர்கள் அண்ணன்மாரின் சென்ட்டில் ஒண்டிக் கிடப்பார்கள். வயல்களை எல்லாம் மனை விற்பவர்கள் எண்பத்தைந்திலேயே வாங்கி வேலி போட்டுவிட்டார்கள்.

கங்கையம்மாள் ஒரே ஒரு முறை முழுதாகச் சொன்னாள், 1961இல்: ஜெயவேலு, துலுக்காணம். அந்த வாரமே சின்னவன் துலுக்காணம் காய்ச்சலில் போனான். பிறகு பிறந்த முனிரத்தினத்தை எந்தக் கணக்கிலும் அவள் சொல்லவில்லை. இப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. இரும்புலியூர் சுப்பராயலு தன் மகளை அவனுக்குப் பேசியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு கட்ட ஒரு துண்டு இடத்தைக் காட்டாவிட்டால் பெண் இல்லை என்று சொல்லிவிட்டார். நேற்று நான் போனபோது அவரும் அங்கே இருந்தார்.

“எத்தனை பிள்ளைங்கம்மா?” என்றேன்.

“ஒரு புள்ள. ஜெயவேலு.”

சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த முனிரத்தினம் நிமிர்ந்தான். “அப்ப நான் இன்னா, பூனையா?”

“வாய மூடிகினு துன்னுடா.”

“பூனைக்கு எவன் பொண்ணு குடுப்பான், கேளு?”

“நான் குடுக்க மாட்டேம்பா,” என்றார் சுப்பராயலு. “ஞாயித்துக்கெழம வரிக்கும்தான் டைமு.”

கங்கையம்மாள் மகனைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள்:

“எய்திக்கோ சார். மொத புள்ள ஜெயவேலு. ரெண்டாவது துலுக்காணம். மூணாவது இவன், முனிரத்தினம்.”

“துலுக்காணம் இல்லையேம்மா.”

“பெத்தவளுக்குத் தெரியாதா சார்? கண்ணு வந்தா தம்பிக்கு முன்னால அவன் நின்னுக்குவான். அவன இனிமே அது இன்னா பண்ணிடும்?”

உயிரோடு இருப்பவர்களைத்தான் எழுத வேண்டும். ஜெயவேலுவையும் முனிரத்தினத்தையும் மட்டும் எழுதினேன்.

பொழுது சாயும்போது கரையில் நிலம் வந்தது. சத்தம் எதுவும் இல்லை. கொக்குகள் நின்றிருந்த தண்ணீர் கொஞ்சம் தள்ளிப் போனது; கொக்குகள் ஈரமண்ணில் நின்றுகொண்டிருந்தன. ஒரு சென்ட். அதை ஒட்டி, அதே அளவில், இன்னொன்று. ஊரே வந்து நின்றது. யாரும் செருப்போடு மிதிக்கவில்லை. சுப்பராயலு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“மாப்ளையோடது எதும்மா?” என்று மெல்லக் கேட்டார்.

“இது,” என்று காட்டினாள் கங்கையம்மாள். “அது அவன் சின்ன அண்ணனுது. ஆடு மேய உடாதீங்க.”

இன்று முனிரத்தினத்துக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. காலையிலிருந்து அவன் நெற்றியை அவள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். அவனும் குனிந்து கொடுக்கிறான். பெண் நிச்சயமாகிவிட்டது.

நாளை: சங்கிலியோடு போய் இரண்டு சென்ட்டுக்கும் தனித்தனியாக எல்லைக்கல் நட வேண்டும்.