கம்பிக் கூண்டுக்குள் ஒரு நோட்டீஸ்

நான் தெருவில் திரும்பினால் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ளும். கோர்ட்டு அமீனாவின் பிழைப்பு அப்படி. சம்மனும் நோட்டீஸும் கொண்டுவருகிறவனை யார் வாசலுக்கு வந்து வரவேற்பார்கள்? "அவர் ஊர்ல இல்லீங்க" என்று அவரே உள்ளே இருந்து குரல் கொடுத்த வீடுகள் உண்டு. அதனால் ஆளைத் தேடிக் கொடுக்கிற வேலையைவிடச் சுவரில் ஒட்டுகிற வேலைதான் எனக்குப் பிடிக்கும். சுவர் பொய் சொல்லாது, திட்டாது, பின்பக்கமாக ஓடவும் ஓடாது. இந்த வருஷம்வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வெல்டிங்காரர் போட்ட மனுவில்தான் என் நம்பிக்கை மண்ணைக் கவ்வியது.

வெல்டிங்காரரின் பட்டறை சந்தைக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஊரில் பாதி கேட்டுகள் அவர் கைவேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இருக்கற ஒருத்திய சமாளிக்கவே முடியல" என்பார். அந்த ஒருத்தி அவருடைய அக்காவின் மகள். ஊருக்கெல்லாம் சிட்டு. அக்கா பிரசவத்தோடு போய்விட்டாள். குழந்தையின் அப்பா லாரி ஓட்டுகிறவர். ஒரு லோடு இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனவர் இன்னும் அந்த லோடை இறக்கிக்கொண்டிருக்கிறார். தொட்டில் கட்டவும் பட்டறை, எழுத்துப் பழகவும் பட்டறை என்று சிட்டு மாமனிடமே வளர்ந்தாள். இப்போது பட்டறைக்கு வருகிறவர்களிடம், "மாமா வெள்ளிக்கெழம தர்றேன்னு சொன்னா திங்கக்கெழம வாங்க" என்று உண்மையைப் போட்டு உடைக்கிற அளவுக்கு வளர்ந்திருக்கிறாள்.

அவளுக்கு ஒரு கால் உள்பக்கம் வளைந்திருக்கும். அதை வைத்துக்கொண்டே மற்ற பிள்ளைகளை ஓடிப் பிடிப்பாள். எலும்பு முற்றுவதற்குள் ஆபரேஷன் செய்தால் நேராகிவிடும், விட்டால் பிறகு கஷ்டம் என்று டாக்டர் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் தேதியும் கொடுத்துவிட்டார்கள். அங்கேதான் சிக்கல். அப்பா கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டு நியமித்த கார்டியன் போட வேண்டும். மாமன் என்று சொன்னால் போதாதாம். தோளில் போட்டு வளர்த்தவனுக்கு ஒரு கையெழுத்துப் போட உரிமை இல்லை என்று கேட்டபோது கோர்ட்டுச் சம்பளம் வாங்குகிற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

மனு போட்டார். அப்பா எங்கோ உயிரோடு இருக்கும்போது அவரைக் கூப்பிடாமல் குழந்தையை இன்னொருவர் பொறுப்பில் கொடுக்க முடியாது. விலாசமோ தெரியாது. அதனால் பொது நோட்டீஸ். "மனுவில் ஆட்சேபம் இருந்தால் இன்ன தேதியில் நேரில் ஆஜராகவும், தவறினால் தாங்கள் இல்லாமலே விசாரித்து முடிவு செய்யப்படும்." கோர்ட்டுப் பலகையில் ஒன்று, ஊரே வந்துபோகும் பால் சொசைட்டிச் சுவரில் ஒன்று, அந்த ஆள் கடைசியாகக் குடியிருந்த வீட்டுச் சுவரில் ஒன்று. அந்த வீடு இப்போது தையல் கடை. வாரப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும். மூன்று இடத்திலும் என் கையாலேயே ஒட்டிவிட்டு, ஒட்டியாயிற்று என்று அறிக்கையும் கொடுத்தேன்.

வாய்தா நாளில் நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஊருக்குப் புதிது. தானே பாத்திரம் எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகிற ஆள்.

"நீங்க ஒட்டினது நெஜம்தானா?"

"சத்தியமா ஒட்டினேன், அம்மா."

"நான் ஒவ்வொரு நாளும் சொசைட்டிக்குப் போறேன். சுவர்ல ஒண்ணும் இல்லையே. கோர்ட்டுப் பலகையில மட்டும் இருந்தா போதுமா?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நிழலில் உட்கார்ந்தபடியே ஒட்டிவிட்டதாக எழுதிக் கொடுக்கிற அமீனாக்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நான் அந்த ரகம் இல்லை. ஆனால் சுவரைச் சாட்சிக்கு அழைக்கவா முடியும்? நீதிபதி அம்மா வேறு தேதி போட்டார். "மறுபடி ஒட்டுங்க. தேதி வரைக்கும் அது சுவர்ல இருக்கணும். இந்தத் தடவையும் இல்லேன்னா விடுமுறை முடிஞ்சுதான் எடுக்க முடியும்" என்றார். ஆபரேஷன் தேதி கோர்ட்டு விடுமுறைக்கு நடுவில் இருந்தது. வெல்டிங்காரர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

நான் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி மறுபடி ஒட்டினேன். மறுநாள் மதியம் பார்த்தால் சொசைட்டிச் சுவர் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. தையல் கடையிலும் அதே கதை. வெல்டிங்காரருக்கு யாரோ வேண்டாதவன் செய்கிற வேலை என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்பில் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். எல்லாத் தட்டிலும் புதிதாக வாரப் பத்திரிகை விரித்திருந்தது, ஒரே இதழ். வீட்டுக்காரி சுத்தம் செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வாய்த்த மூளை அவ்வளவுதான்.

புது நோட்டீஸ் ஒட்டிவிட்டு அந்த வேண்டாதவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று, பால் ஊற்றுகிறவர்கள் கலைந்த பிறகு சொசைட்டியின் கேன் அடுக்குக்குப் பின்னால் மறைந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தோசைக் கரண்டியுமாக ஆள் வந்தது. சொசைட்டியில் பால் அளக்கிற அக்கா தெருமுனையில் காவல் நின்றாள். வந்த ஆள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நோட்டீஸை நன்றாக நனைத்து, மூலையிலிருந்து நிதானமாகச் சுரண்ட ஆரம்பித்தது. என் வீட்டுக்காரி!

"என்னடி பண்றே?"

அவள் திரும்பக்கூட இல்லை. "பாத்தா தெரியல? சுரண்டறேன்."

"அது கோர்ட்டு நோட்டீஸ்டி!"

"இருக்கட்டும். ஒட்டறது உங்க உத்தியோகம், நான் ஏதாவது சொன்னேனா? கிழிக்கறது எங்க வேல. அதுல நீங்க தலையிடாதீங்க."

அதற்குள் சொசைட்டி அக்கா ஓடிவந்துவிட்டாள். "அண்ணே, அக்காவத் திட்டாதீங்க. நாங்க எல்லாரும்தான். தையக்கடைக்காரரும் கூட்டு. அந்தாளு லாரி ஓட்டறவன். இந்த வழியா ஒரு நாள் வராமயா போவான்? 'உன் புள்ள இங்கதான் இருக்கு, வந்து அள்ளிட்டுப் போ'ன்னு நீங்களே வெத்தல பாக்கு வெச்சு அழைக்கறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா? பேப்பர்கூட வந்த அன்னிக்கே மொத்தமா வாங்கிட்டோம்."

ஊரில் எல்லா அலமாரியும் ஏன் பளிச்சென்று இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கவிழ்த்து வைத்திருந்த கேன்மேல் உட்கார்ந்தேன். அந்த நோட்டீஸ் தேதி வரைக்கும் சுவரில் இருந்தால்தான் நீதிபதி உத்தரவு போடுவார், உத்தரவு வந்தால்தான் வெல்டிங்காரர் கையெழுத்துப் போட முடியும், கையெழுத்து இருந்தால்தான் சிட்டுவின் காலைத் தொடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரியின் கை கரண்டியோடு கீழே இறங்கியது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? எது கேட்டாலும் கோர்ட்டு விஷயம், வெளிய சொல்லக்கூடாதுன்னு வாயக் கட்டிக்கறீங்க. செவுத்துல ஒட்டறதுல என்ன ரகசியம்?"

நியாயமான கேள்விதான். அவள் பாதி சுரண்டிய காகிதத்தை இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை. "நாமளே அந்தப் புள்ள காலுக்குக் குறுக்க நின்னுட்டோமே" என்று சொல்லி அங்கேயே அழுதுவிட்டாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அன்றைக்குப்போல எனக்கு அவள்மேல் ஆசை வந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். சிட்டு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் வெல்டிங்காரர் கோபப்படுவார் அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"அண்ணி மேல என்ன தப்புண்ணே? நானே ஒரு நாள் தையக்கடை செவுத்துல நகத்த வெச்சேன். ஒரு ஓரம் கிளம்பிக்கூட வந்துடுச்சு. அப்புறம் எச்சியத் தொட்டு அழுத்தி விட்டுட்டு வந்தேன்."

"ஏம்ப்பா, பயமா?"

"பயம்தான். ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் நெஞ்சு நின்னு போகுது. அவன் வந்து கேட்டான்னா நான் யாரு, வெறும் மாமன்தானே? ஆனா ஒளிச்சு வெச்சு வாங்கினா திருடின மாதிரி ஆயிடும்ணே. நாளைக்கு இவ வளந்து நின்னு, எங்கப்பாவக் கூப்பிட்டுப் பாத்தீங்களான்னு கேப்பா. ஆமா, ஊரறியக் கூப்பிட்டோம்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

சொல்லிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டார். கையில் இருந்த கேட்டு வேலையை ஓரம் கட்டிவிட்டு, கோண இரும்பை அறுத்து இரண்டு சட்டம் பற்றவைத்தார். முன்னால் கம்பிவலை, பக்கத்தில் பூட்டு, மேலே மழைக்குச் சின்னத் தகடு. நான் மறுபடி ஒட்டிய நோட்டீஸ்களின்மேல் அந்தக் கூண்டுகளைச் சுவரில் போல்ட் அடித்து இறுக்கினார். தான் பயப்படுகிற காகிதத்துக்குத் தானே காவல் கட்டிக்கொடுத்த மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாவிகளை என் கையில் கொடுத்து, "எங்கிட்ட இருக்க வேணாம்ணே" என்றார்.

அதன் பிறகு ஊர் தலைகீழாக மாறிவிட்டது. சுரண்டிய கையாலேயே என் வீட்டுக்காரி கம்பிவலையைத் துடைத்தாள், எழுத்துத் தெரிய வேண்டுமாம். பாவம், வழி கேட்க ஒரு லாரிக்காரர் சொசைட்டி வாசலில் இறங்கியிருக்கிறார். சொசைட்டி அக்கா அவரை மறித்து ஊர், பேர், கல்யாணம் எத்தனை என்று பிடிபிடியென்று பிடித்ததில், மனிதர் வழியே வேண்டாம் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நாள் சிட்டு கூண்டுக்கு முன்னால் நின்று நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பால் வரிசையே அவள் பக்கம் திரும்பி நின்றது.

"மாமா, அப்பா வந்தா என்னக் கூட்டிட்டுப் போயிடுவாரா?"

"வந்தா ஒனக்கு என்ன வேணும்னு ஜட்ஜம்மா ஒங்கிட்டயும் கேப்பாங்க" என்றார் வெல்டிங்காரர்.

"அப்ப பட்டறதான்னு சொல்லிடுவேன்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா எப்படி இருப்பாருன்னு ஒரு தடவ பாக்கலாம்ல?" என்று கேட்டாள். "பாக்கலாம்டா" என்றார் அவர்.

வாய்தா அன்று கோர்ட்டு கொள்ளாத கூட்டம். தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். சொசைட்டி அக்கா முதல் பெஞ்சில். நீதிபதி அம்மா சுற்றிப் பார்த்தார்.

"இவங்கல்லாம் யாரு? சாட்சிகளா?"

"இல்லம்மா. சும்மா வந்தவங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

"சரி. நோட்டீஸ் இருந்துச்சு, நானே பாத்தேன். அந்தக் கூண்டப் பாத்துட்டுப் படிக்காம வர முடியல." லேசாகச் சிரித்தார். பிறகு ஆளைக் கூப்பிடுகிற டவாலியைப் பார்த்துத் தலையசைத்தார்.

டவாலி வாசலுக்குப் போய்ச் சிட்டுவின் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தெருவரை கேட்கிற குரல் அவருக்கு. யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிடும்போது வெளியே ஒரு வண்டி வேகம் குறைந்தது. என் வீட்டுக்காரி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. வண்டி திரும்பிப் போய்விட்டது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டு, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "யாரும் ஆஜராகலைங்க" என்று டவாலி உள்ளே வந்தார்.

கோர்ட்டு முழுக்க மூச்சு விட்டது. சொசைட்டி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே வெல்டிங்காரர் பக்கம் திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் நிறைந்திருந்தது. வந்துவிடுவானோ என்று தூக்கத்தைத் தொலைத்த மனிதர், இப்போது ஒரே ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போயேன் என்று கெஞ்சுகிறாற்போல் நின்றார். ஊரே கூடியிருக்க ஒரு குழந்தைக்காகக் கூப்பிட்டார்கள், கேட்க ஆள் இல்லை. அந்தக் குழந்தை பக்கத்திலேயே நின்று அதே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எட்டிக்கூடப் பாக்கலையேண்ணே" என்றார் என்னிடம்.

டவாலி மனுதாரர் பெயரைக் கூப்பிட்டார். வெல்டிங்காரருக்குக் காதில் விழவில்லை. மறுபடி கூப்பிட்டார். சிட்டு வாசலிலிருந்து பார்வையை எடுத்து, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, இப்ப உங்களக் கூப்பிடறாங்க. இருக்கேன்னு சொல்லுங்க."

அவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. "இருக்கேன்" என்றார்.